யேல் இல்லாத ‘யேல் கல்லறை’

எலிகு யேலைப் பற்றிய எழுத்துகளில் சென்னை ஆளுநர் பதவியும் (1687–1692) அமெரிக்கக் கல்லூரிக்கு அளித்த கொடையுமே முன்னிற்கின்றன. வணிகரான யேலை அவர்தம் குடும்பத்தின்வழி அணுகும் நோக்கு அருகியே காணப்படுகிறது. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்த அவர், 1680 நவம்பரில், அவ்வாண்டே காலமான ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி கேத்தரினை மணந்தார். கம்பெனி அலுவலர் ஒருவரின் செல்வம் மறுமணத்தின்வழி மற்றொருவரைச் சேர்ந்தது. பின்னாளில் வைர வணிகர் ஒருவரின் கைம்பெண்ணான எரோனிமா தெ பைவாவுடன் யேல் கொண்ட உறவை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கடந்துசெல்வது ஆய்வாகாது; அவருடைய வைர வணிகத்தோடு சேர்த்தே அதனை நோக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் ‘யேல் கல்லறை’ எனச் சுட்டப்படும் நினைவுச்சின்னம் யேலுடையதன்று. அவர் அடக்கமானது வேல்ஸின் ரெக்ஸமில். இங்கிருப்போர் ஹின்மர்ஸும் யேலின் இளம் மகன் டேவிட்டும். இவ்விருவரையும் உறவாக்கிய கேத்தரினின் பெயர் அவ்வழக்கில் இல்லை.