விக்கிப் பக்கங்களில் பயனர் பெயர்: இடைத்தேக்கமும் தனியுரிமையும் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட பல விக்கித் தளங்கள் மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குகின்றன. புகுபதிகை செய்தவரின் பெயரைப் பக்கத்தின் மேற்பகுதியில் காட்டும் இம்மென்பொருள், அப்பெயரைக் கட்டுரைப் பகுதிக்குள் காட்டுவதற்கான குறியீட்டைத் தன் மையக் கட்டமைப்பில் கொண்டிருக்கவில்லை. இதனைக் குறைபாடாகக் கருதுவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இடைத்தேக்கத்தின் இயல்பு

விக்கியுரையை எச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றுவது வழங்கிக்குச் சுமையான பணி. ஆதலின் ஒருமுறை மாற்றப்பட்ட வடிவம் கேச் எனப்படும் இடைத்தேக்கத்தில் வைக்கப்பட்டு, அடுத்து வருவோர்க்கும் அதுவே வழங்கப்படுகிறது. புகுபதிகை செய்தவர்க்கு மேற்பகுதி தனியே அமைக்கப்படினும், கட்டுரைப் பகுதி பொதுத் தேக்கத்திலிருந்தே பெறப்படுகிறது. அங்கு ஒருவர் பெயர் பதிந்துவிடின் மற்றொருவர் அதனைக் காண்பார். பதிவது மின்னஞ்சல் முகவரியாயின் அது தனியுரிமை மீறலாகும். பக்கத்தை இறுதியாகத் தொகுத்தவரின் பெயரைத் தரும் குறியீடு மையக் கட்டமைப்பிலேயே உண்டு. அப்பெயர் படிப்போர் அனைவர்க்கும் ஒன்றே ஆதலின் அங்கு இச்சிக்கல் எழுவதில்லை.

மாற்று வழிகள்

முதல் வழி, நீட்சி ஒன்றை நிறுவி, பெயர் இடம்பெறும் பக்கத்திற்குத் தேக்கத்தை நிறுத்துவது. ஒரு பக்கத்தளவில் இது தாங்கத்தக்கது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் பயன்படும் வார்ப்புருவில் அக்குறியீடு இடம்பெறின், அப்பக்கங்கள் அனைத்தும் திறக்கப்படுந்தோறும் புதிதாக ஆக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, பக்கத்தைப் பொதுவாகவே வழங்கி, உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பெயரை இடுவது. தேக்கம் இதனால் கெடாது. எனினும் நிரல் இயங்காவிடத்தும் பொருள் தரும் பொதுச்சொல் அவ்விடத்தில் முன்னரே இருத்தல் வேண்டும். தமிழில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. வேற்றுமை உருபு ஏற்கையில் ‘மாலா’ என்பது ‘மாலாவுக்கு’ எனவும் ‘கண்ணன்’ என்பது ‘கண்ணனுக்கு’ எனவும் அமையும். எல்லாப் பெயர்க்கும் ஒரே வடிவில் உருபை ஒட்டும் நிரல் பிழையான சொல்லையே தரும். ஆகவே பெயர் உருபேற்காது தனித்து நிற்குமாறு தொடர் அமைதல் நன்று.

மூன்றாவது, படிப்பவரை அவரவர் பயனர் பக்கத்திற்கோ பேச்சுப் பக்கத்திற்கோ இட்டுச் செல்லும் சிறப்புப் பக்க இணைப்பு. இணைப்பு அனைவர்க்கும் ஒன்றே. சொடுக்கிய பின்னரே சேருமிடம் வேறுபடுகிறது. பெயரைக் காட்டாவிடினும் வரவேற்பு, வழிகாட்டல் ஆகிய தேவைகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

முடிவுரை

கட்டுரைப் பகுதி அனைவர்க்கும் பொதுவான பனுவல் என்னும் கொள்கையின் விளைவே இக்குறியீடின்மை. அதனைக் குறைபாடெனல் பொருந்தாது. இணைப்புப் போதுமானவிடத்து மூன்றாம் வழியும், பெயர் இன்றியமையாதவிடத்து இரண்டாம் வழியும் கொள்ளத்தக்கன. முதல் வழி சிறு தளங்களுக்கே ஏற்றது.