வீட்டிலேயே செய்தால் மிச்சமா?

ஆறு வயதுப் பெண்ணுக்கு எடுக்கும் பட்டுப்பாவாடையின் அடியில் இரண்டு டக் பிடித்துத் தைப்பது தமிழ்நாட்டுத் தையற்காரர்களின் பழைய வழக்கம். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் அதே பாவாடை கணுக்காலைத் தொடும். பிரித்த இடத்தில் வெளுக்காத பட்டு ஒரு கோடாகப் பளிச்சிடும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஜாக்கெட்டிலும் இதே கணக்குதான். பக்கவாட்டில் துணியை மிச்சம் விட்டு, உள்தையலாக இரண்டு மூன்று ஓட்டு ஓட்டிவைப்பார்கள். உடம்பு போட்டால் ஒன்றைப் பிரிக்க வேண்டும், இளைத்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவே.

இந்தச் சிக்கனம் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை, இருப்பதை நீட்டித்தது. இன்று ‘வீட்டிலேயே செய்யுங்கள், காசை மிச்சப்படுத்துங்கள்’ என்று வலம்வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை வேறு ரகம். குழந்தைக்கு கவுன் தையுங்கள், தரை துடைக்கும் திரவம் தயாரியுங்கள், பழைய பாட்டிலில் பூச்சாடி செய்யுங்கள் என்கின்றன. ஆசை நல்லதுதான். கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தையல். இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியே 1924இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். வீட்டுக்குள் வந்து மனித உழைப்பைக் குறைத்த கருவி என்பதால் அவருக்கு அதில் பிரியம். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் இருக்கிறது. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. ஆக, தையல் தெரிந்த பெண் என்றால் குடும்பத்துக்கு ஒரு வருமானம் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது.

ஆனால் கூலிக்குத் தைப்பதும் சொந்த வீட்டுக்குத் தைப்பதும் ஒரே கணக்கில் வராது. குழந்தைக்கு ஒரு கவுன் தைப்பதாக வைத்துக்கொள்வோம். துணியைக் கடையில் மீட்டர் விலைக்கு வாங்க வேண்டும். லைனிங், நூல், ஜிப், லேஸ் எல்லாமே சில்லறை விலைதான். திருப்பூரில் அதே உருப்படியைத் தைப்பவர் துணியை டன் கணக்கில் எடுக்கிறார். அடுக்கி வைத்து ஒரே வெட்டில் பல உருப்படிகளை வெட்டுகிறார். ஏற்றுமதியில் கழிந்த சரக்கு சந்தைக்கு வந்துவிட்டால் விலை இன்னும் இறங்கும். டி-சர்ட், ஜட்டி, நைட்டி போன்றவற்றில் வீட்டு மெஷின் அந்த விலையோடு போட்டி போடவே முடியாது. துணி விலைக்கே ரெடிமேட் கிடைத்துவிடும். தைக்கும் ஆசைக்காகத் தைக்கலாம். அதைச் சிக்கனம் என்று சொல்லக் கூடாது.

ஜாக்கெட் கதை தனி. லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்குத் தையற்கூலி பல ஊர்களில் துணியின் விலையைத் தாண்டிவிட்டது. புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, கொக்கி கட்டுவது, ஹெம்மிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. இங்கே வீட்டுத் தையல் உண்மையிலேயே பணத்தைக் காப்பாற்றும். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, நைந்த நூல்புடவையைத் தலையணை உறையாக்குவது, மிச்சத்தை மஞ்சப்பையாகத் தைப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை. பழைய துணியில் வீட்டில் தைத்த பைக்கு அப்போதிலிருந்து உபயோகம் கூடியிருக்கிறது. அதற்காகப் புதுத்துணி வாங்கிப் பை தைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே சிக்கனம் தலைகீழாகிவிடுகிறது.

அடுப்படியில் கணக்கு இன்னும் தெளிவு. இட்லி மாவை எடுத்துக்கொண்டால் நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். காற்றிலும் பருப்பிலும் இருக்கும் நுண்ணுயிரிகளே இரவோடு இரவாக மாவைப் புளிக்கவைக்கின்றன, தனியாக ஈஸ்ட் வாங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லில் குந்தியிருந்து ஆட்டும் பாடும் போயிற்று. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டம் அந்தக் கருவியை ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது. ஊறவைப்பதும் புளிப்பதும் தாமாக நடக்கும் வேலைகள்; ஆள் நிற்க வேண்டிய நேரம் குறைவு. ஒருமுறை அரைத்தால் மூன்று நான்கு நாளைக்கு வரும். பாக்கெட் மாவின் விலையையும் அதே எடைக்கு அரிசி, உளுந்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், வீட்டு மாவுக்கு எதிராகப் பேச எதுவும் இல்லை. தனியாள் குடித்தனம் மட்டும் விதிவிலக்கு. ஒருவருக்காகக் கிரைண்டரைக் கழுவுவதைவிடப் பாக்கெட்டே மேல்.

வடாம் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்புக்கு அடங்காது. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சமையல் நூல் வெளிவந்த காலத்தில் வடாம் கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. பங்குனி, சித்திரை வெயிலுக்குக் காத்திருந்து, விடியுமுன் கூழ் கிளறி, மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துப் பிழிவார்கள். அதில் நுணுக்கம் உண்டு. கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த வடாம் கரிக்கும். நீர் வற்றும்போது உப்பு செறிந்துவிடுவதே காரணம். அதனால் ருசி பார்க்கும்போது ஒரு கல் குறைவாகவே இருக்க வேண்டும். முதல் நாள் மாலை வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் உடையாமல் உரிந்து வரும். பிறகு இரண்டு நாள் தாம்பாளத்தில் வெயில். ஒடித்தால் நொறுக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தோடு டப்பாவில் போட்டால் ஆடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

இத்தனை வேலையும் கட்டுப்படியானதற்குக் காரணம் அரிசியின் மலிவு மட்டுமில்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கைந்து கைகள் சேர்ந்தன. காக்காய் விரட்டக் குழந்தைகள் இருந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒற்றை ஆளாக, பால்கனியில் விழும் இரண்டு மணி நேர வெயிலில் வடாம் போடுகிறவருக்கு அந்த மிச்சம் கிடைக்காது. மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல் பரவாயில்லை. கிண்டும் வேலை கிடையாது, தட்டில் பரப்பிவிட்டால் போதும். கூட்டாகச் செய்து பங்கு பிரித்துக்கொள்ளத் தோழிகள் இருந்தால் வடாமும் லாபமே.

சிக்கனம் கையைக் கடிக்கும் இடங்களும் உண்டு. முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து மறுபடி மறுபடி பொரிப்பதைப் பல வீடுகளில் திறமை என்றே நினைக்கிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் கூடுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைகிறது என்றால் எண்ணெய் முடிந்துவிட்டது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் வடியவிடுவதும் இதே வகை. அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்தது.

துப்புரவுத் திரவங்களில் இன்னும் கவனம் வேண்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கும். பார்ப்பதற்கு அமர்க்களமாக இருக்கும். ஒன்றின் அமிலத்தை இன்னொன்றின் காரம் அடித்துவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்ப்பது அதைவிட மோசம், குளோரின் வாயு கிளம்பும். வெல்லம், எலுமிச்சைத் தோல், தண்ணீர் 1:3:10 விகிதத்தில் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் பயோ என்சைம் ஓரளவு வேலை செய்யும். குப்பைக்குப் போகும் தோலுக்கும் ஒரு பயன். ஆனால் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மூடியைத் திறக்காமல் விட்டால் உள்ளே சேரும் வாயு பாட்டிலையே வெடிக்கவைக்கும்.

வயர் கூடை பற்றி ஒரு வார்த்தை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்த கைவேலை அது. ஒரு கூடை பல வருஷம் காய்கறி சுமக்கும். மூன்றாவது கூடையிலிருந்து அது சிக்கனம் இல்லை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகவே இருக்கட்டும், தப்பில்லை.

இந்தக் கணக்குகளில் எல்லாம் விடுபடும் ஒரு வரி, நேரம். 2024ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். வீட்டிலேயே செய் என்ற ஒவ்வொரு அறிவுரையும் அந்த 289இன் மேல்தான் போய் உட்காருகிறது. மாவு அரைப்பதும் பாவாடை டக் பிரிப்பதும் ‘சும்மா இருக்கும் நேரத்தில்’ நடக்கின்றன என்ற நினைப்பில்தான் வீட்டுச் சிக்கனத்தின் பெரிய ஓட்டை இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மாநில அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. அந்த உழைப்புக்கு விலை உண்டு என்பதைக் கோட்டையே ஒப்புக்கொண்ட பிறகும் வீட்டுக் கணக்கில் மட்டும் அது பூஜ்யமாகவே நிற்கிறது.

தையல் பயிற்சி நடத்துகிறவர்கள் முதல் மாதத்தில் ஜாக்கெட் கட்டிங்குக்கு முன்னால் பிரித்துத் தைக்கவும், ஜிப் மாற்றவும், கொக்கி கட்டவும் சொல்லித் தரட்டும். வீட்டுக்குக் காசு மிச்சமாவது அங்கேதான். கொக்கி கட்ட மெஷின் வேண்டாம், ஊசியும் நூலும் போதும். தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளவும், ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைக் கழுவி வைக்கவும் வீட்டு ஆண்கள் இந்த வாரமே தொடங்கலாம்.