கல்கத்தாவும் காரைக்காலும்

எமே செசேரின் 'தாய்மண்ணுக்குத் திரும்பும் குறிப்பேடு' (1939) காலனிய எதிர்ப்புக் கவிதை என்றே பேசப்படுகிறது. சரிதான். ஆனா எனக்கு அது முதலில் ஒரு ஊரின் கவிதை. செசேர் 1913இல் பிறந்த பாஸ்-புவாந்த், மார்த்தினிக் தீவின் வடக்கே, பெலே எரிமலைச் சரிவில், அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கும் கரும்புத் தோட்ட ஊர். 1902இல் சென்-பியேர் நகரை அழித்த எரிமலை அது.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம்ம ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பாஸ்-புவாந்தில் அவர்களுக்குக் கோயிலும் உண்டு. மாரியம்மனையும் மதுரைவீரனையும் கூடவே கொண்டுபோயிருந்தார்கள்.

கவிதையில் செசேர், ஒடுக்கப்பட்ட மனிதர்கள் ஒவ்வொருவராகவும் தான் ஆவதாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அந்த வரிசையில் இந்துவும் வருகிறார். எந்த ஊர் இந்து? கல்கத்தாக்காரர்! சொந்த ஊர்த் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்களின் ஊர் அதில் இல்லை. கல்கத்தா அவருக்கு உலகப் பட்டினியின் குறியீடு என்று வாதாடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனா குறியீட்டுக்காகத் தூரத்துக்குப் போனவர், பக்கத்தில் இருந்தவரைத் தாண்டித்தானே போயிருக்கிறார்?

இதனால் கவிதை சிறுத்துவிடவில்லை. தமிழில் வாசிக்கிற நான் மட்டும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன்.