பேய் கேட்ட கணக்கு

கிறிஸ்துமஸ் ராத்திரி. காரைக்கால் மாதா கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு தட்டு நிறைய கேக்கும் முறுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொறித்துக்கொண்டே என் மகளுக்கு 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையைச் சொல்லி முடித்தேன். அவள் முகத்தில் ஏமாற்றம்.

"பேய்க் கதைன்னே. பேய் யாரையுமே கொல்லலியேப்பா?"

அவள் மேல் தப்பில்லை. 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று பார்த்து வளர்ந்த தலைமுறை. நம் சினிமாப் பேய்க்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான், பழிவாங்குவது. முடித்துவிட்டால் கிளம்பிவிடும்.

டிக்கன்ஸின் பேய்கள் வேறு ஜாதி. 1843 டிசம்பர் 19-ல் வெளியான சின்னப் புத்தகம் அது. முதலில் அச்சடித்த 6,000 பிரதிகளும் பண்டிகைக்கு முன்பே காலி. எழுதியவர் கடனின் கனம் தெரிந்தவர். அப்பா கடனுக்காக ஜெயிலில் இருக்க, 12 வயதில் ஷூ பாலிஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டியவர். அதனால்தான் அவருடைய கஞ்சன் ஸ்க்ரூஜ் அவ்வளவு உயிரோடு இருக்கிறான். அவனைத் தேடி வரும் செத்துப்போன பார்ட்னர் மார்லியின் இடுப்புச் சங்கிலியில் என்ன கோத்திருக்கிறது தெரியுமா? பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு! பி.காம். படித்த எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும் இடம் அது.

ஆனால், அடுத்து வரும் ஆவிகள் அடிப்பதில்லை, கழுத்தை நெரிப்பதில்லை. காட்டுகின்றன, அவ்வளவுதான். பொட்டல் வெளியில் சுரங்கத் தொழிலாளியின் குடிசை, நடுக்கடலில் கலங்கரை விளக்கம்... அங்கேயும் மனுஷர்கள் ஒன்றுகூடிப் பாடுகிறார்கள். நீ மட்டும் ஏனய்யா தனியாக எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்பதுதான் கேள்வி. கேட்ட கஞ்சன் விடிவதற்குள் திருந்துகிறான். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஒரே ராத்திரியில் கணக்கு இவ்வளவு சுத்தமாக 'டேலி' ஆகுமா என்ன?

டேலி ஆகாத கதை ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பேயும் உண்டு, மலையும் உண்டு. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்னது.

வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். மனைவி புனிதவதி ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறாள். சாப்பாட்டில் ஒன்றைத் தின்றவன், ருசி பிடித்துப்போய், 'இன்னொன்று?' என்கிறான். வரவு இரண்டு, செலவு ஒன்று, கையிருப்பு எங்கே? அவள் இறைவனை வேண்ட, கையில் பழம் வருகிறது. ஸ்க்ரூஜைப் போலவே இவன் கண்ணெதிரிலும் ஓர் அதிசயம். ஆனால், இவன் திருந்தவில்லை. பயந்தான். கப்பலேறினான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். (கப்பலேறிப் போய் அங்கேயே குடும்பம் நடத்தியவர் கதை காரைக்காலில் இது ஒன்றுதான் என்றா நினைக்கிறீர்கள்?) தேடிக்கொண்டு வந்தவள் காலில், புது மனைவி, குழந்தையோடு விழுந்தான்.

பக்தி என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அது தப்பிக்கிற வழியாகவே படுகிறது. தெய்வமாக்கிவிட்டால் கூட வாழ வேண்டியதில்லை பாருங்கள்.

அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அவள் பேயுருவம் கேட்டு வாங்கினாள். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். தலையால் நடந்து கயிலை மலை ஏறினாள். எலும்பும் தோலுமாக வருவது யார் என்று உமை கேட்க, சிவன் அவளை 'அம்மையே' என்று அழைத்தான். அழகாக இருந்தபோது பயந்தவன் புருஷன். பேயான பிறகு அம்மா என்று கூப்பிட்டது அந்த மலை. அவளும் கூச்சப்படவில்லை. தன் பாட்டிலேயே தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று கையெழுத்துப் போட்டாள்.

டிக்கன்ஸில் பேய் வந்து மனுஷனைத் திருத்துகிறது. சேக்கிழாரில் மனுஷன் திருந்தவில்லை. நல்லவள்தான் பேயாக வேண்டியிருக்கிறது. எது பெரிய கதை என்று கேட்டால், நான் எங்கள் ஊர்க்காரிக்கே ஓட்டுப் போடுவேன். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வந்து, இறைக்கிற பழத்துக்குக் கை நீட்டுகிறோமே, நாம் அந்தப் பேயை எவ்வளவு தூரம் நினைக்கிறோம்?

மகளிடம் இதையும் சொன்னேன். "அப்போ பேய் பாவம்ப்பா" என்றாள்.

தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று என் மனைவி அதில் இரண்டு மலை வாழைப்பழத்தை வைத்தாள். 'ஒண்ணு போதாதா?' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.