இந்தா, வந்துட்டு!

பண்பொழி திருமலைக்குப் படியேறிப் போகிறவர்களிடம், எதிரே இறங்கி வருகிறவர்கள் போகிறபோக்கில் நாலு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தைகளை ரசித்து யாராவது எழுத வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. அந்த மலையின் முருகனை அருணகிரிநாதரே பாடிவிட்டார். தென்காசிச் சாரலைப் பற்றி எழுதாதவர் இல்லை. மூச்சு வாங்க நிற்கிற, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து, "இந்தா, வந்துட்டுல்லா!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவரைத்தான் யாரும் எழுதக் காணோம்.

செங்கோட்டையிலிருந்து அச்சன்கோவிலுக்குப் போகிற சாலையில் இருக்கிறது பண்பொழி. மலைமேல் வண்டி போக இப்போது பாதை உண்டு. ஆனாலும் படி வழியே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுதலுக்காக ஏறுகிறவர்களோடு, குற்றால சீசனுக்கு வந்த இடத்தில் காலை நடையை விட மனமில்லாமல் ஏறுகிற வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். தங்கள் ஊர்ப் பூங்காவைச் சளைக்காமல் சுற்றுகிற கால்கள் இங்கே வேறு கதை பேசும். ஒவ்வொரு படியிலும் முழு உடம்பையும் தூக்கி வைத்தாக வேண்டும். தொடை கடுக்கும், நெஞ்சு படபடக்கும். நடுவட்டப் பிள்ளையாரைக் கண்டதும் உட்காராமல் போகிறவர்கள் அபூர்வம்.

அந்த இடத்தில்தான் பேச்சைக் கேட்க வேண்டும். "அந்தா, மண்டபம் தெரியுதுல்லா? அதத் தாண்டிட்டா முடிஞ்சுது." "மேல போனா காத்து ஆளையே தூக்கிரும் அண்ணாச்சி." "மெதுவாப் போங்கக்கா, நடை சாத்த இன்னும் நேரம் கெடக்கு." இதில் ஒரு வார்த்தையாவது ஏறுகிறவரின் களைப்பைப் பற்றியதா? இல்லை. உங்களால் முடியும் என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால், முடியுமா என்ற சந்தேகம் சொன்னவருக்கும் இருந்தது என்று ஆகிவிடும். இவர்கள் சொல்வதெல்லாம் வழியைப் பற்றிய தகவல். மண்டபம் இருக்கிறது, காற்று இருக்கிறது, நேரம் இருக்கிறது; அவ்வளவுதான். கேட்கிறவரின் கௌரவத்தில் ஒரு கீறல் விழாமல் தைரியம் மட்டும் போய்ச் சேர்கிறது. இதைவிட நாசூக்கான உபசாரத்தை நான் பார்த்ததில்லை.

சொல்லும் விதத்தையும் கவனிக்க வேண்டும். அவர்கள் நிற்பதில்லை, நடையைக் கொஞ்சம் தளர்த்துவதோடு சரி. நின்றுவிட்டால், மேல்மூச்சு வாங்குகிறவர் மரியாதைக்காகப் பதில் பேச வேண்டிவரும். இருக்கிற மூச்சும் அதில் போய்விடும். கண்ணும் வியர்த்த முகத்தின்மேல் நிலைப்பதில்லை. கை மேலே காட்டும்போதே பார்வையும் அங்கே போய்விடுகிறது. தூரக் கணக்கில் மட்டும் தாராளம்! பாதி மலையிலும் "இந்தா"தான், கடைசிப் படிக்கட்டிலும் "இந்தா"தான். ஏறுகிறவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அடுத்த படியில் கால் விழுகிறதே, அதுதான் அந்தச் சொல்லின் வேலை.

ஸ்பெயினில் சான்டியாகோவுக்கு நடக்கும் யாத்ரீகர்கள், எதிர்ப்படுகிறவருக்கெல்லாம் பயணம் நல்லபடி அமையட்டும் என்று வாழ்த்துச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் பொதுவான வாழ்த்து. கார்த்திகை, மார்கழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஆரியங்காவு வழியே சபரிமலைக்குப் போகிறவர்களும், பேர் ஊர் கேட்காமல் எல்லோரையும் "சாமி" என்ற ஒரே விளியில் அடக்கிவிடுகிறார்கள். திருமலைப் படியில் அப்படி இல்லை. அண்ணாச்சியா, அக்காவா, தம்பியா என்று ஒரு நொடியில் ஆளைப் பார்த்து உறவு வைத்துவிட்டுத்தான் பேச்சே. எனக்கு இது ஒருபடி மேலாகத் தோன்றுகிறது.

முன்பின் தெரியாதவருக்கு நாசூக்காகத் தைரியம் கொடுக்கிற இந்தக் குணத்தைக் குற்றாலம் பேரருவியிலும் பார்க்கலாம். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர், இடையில் பொங்குமாக்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அதன்பிறகே கீழே இறங்குகிறது. அப்படியும் முதல்முறை வருகிறவர் ஓரத்திலேயே நின்று கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். உள்ளே நிற்கிற யாரோ ஒருவர், "கம்பியப் பிடிச்சிக்கோங்க, மொதல்ல முதுகக் குடுங்க" என்பார். தலையை அல்ல, முதுகை! எந்த வரிசையில் பயம் தெளியும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

கவிதையில் ஒரு சொல் எந்த இடத்தில், எந்த பாவத்தோடு வருகிறது என்று சுவைத்துச் சுவைத்துச் சொன்ன ரசிகமணி டி.கே.சி., 1954இல் மறையும்வரை இந்தக் குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். அவர் காட்டிய ரசனையைப் படிக்கட்டுப் பேச்சுக்கும் கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். பதில் பேச்சுக்கும் சேர்த்துத்தான். திருமலையில் ஒரு பாட்டி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, படிக்கொரு தரம் முழங்காலில் கை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். இறங்கி வந்த இளைஞர்கள், "இந்தா வந்துட்டு ஆச்சி" என்றார்கள். ஆச்சி நிமிரக்கூட இல்லை. "தெரியும்ய்யா. நீங்க பாத்து எறங்குங்க, படி வழுக்கும்" என்றார்.