அன்னை என்றெழுதிய நாற்காலி

அமெரிக்கப் படவுலகில் நடிகையாயிருந்து டைரக்டராக உயர்ந்தவர் ஐடா லூபினோ அம்மையார். 1918இல் இலண்டனில், நாடகக் குடும்பத்திலே பிறந்தவர். வார்னர் கம்பெனி தந்த வேடங்கள் சிலவற்றை "வேண்டாம்" என்றார். வேலையின்றி ஒதுக்கி வைத்தனர். ஓய்ந்தாரா? படப்பிடிப்புக் கூடங்களில் நின்று தொழிலைக் கற்றார். தண்டனையைப் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார்!

1949இல், கணவர் காலியர் யங்குடன் சேர்ந்து எடுத்த 'நாட் வாண்டட்', மணமாகாமலே தாயானவளின் கதை. டைரக்டர் எல்மர் கிளிப்டன் மாரடைப்பால் வீழ, படத்தை முடித்தவர் ஐடா. தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

நாம் பெரிதும் போற்றுவது 1950இல் வந்த 'அவுட்ரேஜ்'. வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணின் கதை அது. (கற்பழிப்பு என்பர் நம் நாட்டார், அழிந்துபோகக் கற்பென்ன கரியெழுத்தா?) அந்தச் சொல்லைத் திரையில் உச்சரிக்கத் தணிக்கை இடந்தரவில்லை. ஆகவே ஐடா காட்டினார்: ஆளற்ற இரவுத் தெரு, துரத்தும் காலடி, ஓயாது அலறும் லாரியின் ஒலி, அதைக் கேட்டும் சன்னலைச் சாத்திக்கொள்ளும் அண்டைவீட்டான்! மறுபடி வேலைக்குப் போனவளைச் சுற்றிலும் பார்வைகள். முத்திரை குத்தும் ஓசைகூடச் சம்மட்டியாய் விழுகிறது. குற்றவாளி ஒருவன்; கொடுமை செய்வதோ ஊர்!

இவ்வளவு கண்டவர் முடிவில் என்ன செய்தார்? ஊரைவிட்டு ஓடியவளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பைப் பாதிரியார் ஒருவரிடம் ஒப்படைத்தார். சன்னலைச் சாத்தியவனை யார் கேட்பது? படம் கேட்கவில்லை. இது குறையே. 'தி பிகமிஸ்ட்' (1953) படத்திலும் இரு மனைவியரை வஞ்சித்தவன்மீது இரக்கமே மிகுகிறது. குற்றஞ்சாட்ட வேண்டிய இடத்தில் பரிவு காட்டுகிறார் அம்மையார்.

ஏன்? அவருடைய டைரக்டர் நாற்காலியைப் பாருங்கள்: 'நம் அனைவர்க்கும் அன்னை' என்று எழுதியிருந்தது! அமெரிக்க டைரக்டர்கள் சங்கத்தில் டோரதி ஆர்ஸ்னருக்கு அடுத்துச் சேர்ந்த இரண்டாம் பெண் இவர். ஆண் சொன்னால் ஆணை. பெண் சொன்னால் அடங்காமை என்ற உலகிலே, கட்டளையைத் தாயின் கெஞ்சலாக மாற்றிச் சொன்னார். வேலை நடந்தது. ஆனால் அந்தக் கெஞ்சல் கதைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதே நம் கருத்து. பெண்களுக்கு இடமேயில்லாத 'தி ஹிட்ச்ஹைக்கர்' (1953) படத்தில் அது இல்லை. கத்திபோல் ஓடுகிறது படம்!

கம்பெனி நிலைக்கவில்லை. டெலிவிஷன் அழைத்தது. 'ட்விலைட் சோன்' மூலத் தொடரில் 1964இல் வந்த 'தி மாஸ்க்ஸ்' அவர் இயக்கியது. அத்தொடரை இயக்கிய ஒரே பெண் அவரே. சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர் முகமூடியைக் கழற்றுகையில், முகமே அவ்வண்ணம் கோணியிருக்கும். அங்கே பரிவுமில்லை, பாதிரியாருமில்லை.

1966இல் கன்னிமாடப் பள்ளியைப் பற்றி ஒரு நகைச்சுவைப் படம். அதன்பின், 1995இல் மறையும்வரை 29 ஆண்டுகள், திரையரங்குக்கென ஒரு படமும் அவர் இயக்கவில்லை.