முதல் தாளின் மூன்று அலைகள்

பெண்ணியல் முதுகலையின் முதல் தாள் பெரும்பாலும் மூன்று அலைகளோடு தொடங்குகிறது: வாக்குரிமை கேட்ட முதல் அலை, 1960களில் எழுந்த இரண்டாம் அலை, 1990களின் மூன்றாம் அலை. மணமேல்குடியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற எனக்கு ஒரு மறுப்பு உண்டு. இந்த வரிசை முதன்மையாக அமெரிக்க வரலாற்றின் சுருக்கம். அதையே அளவுகோலாக வைத்தால் நம் வரலாறு தாமதமாக வந்ததாகவோ, வெறும் உதாரணமாகவோ ஆகிவிடுகிறது.

முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளைப் பாடம் வேகமாகத் தாண்டுகிறது. அந்த ஆண்டுகளில்தான், புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதைப் பற்றி நாவல் எழுதினார். ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. இடையில் தேவதாசிகளில் ஒரு பகுதியினர் சங்கமாகத் திரண்டு அந்த முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். யாருக்காக யார் பேசலாம் என்ற கேள்வி மூன்றாம் அலைக்காகக் காத்திருக்கவில்லை.

வெளிநாட்டுக் கோட்பாடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். இனப் பாகுபாடும் பால் பாகுபாடும் ஒருத்தி மேல் சேர்ந்தே இறங்குகின்றன என்று கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் தொடுத்தது. ஒரு தொழிற்சாலை வழக்கிலிருந்து கோட்பாடு பிறக்கலாம் என்றால், 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது ஏன் 'வளர்ச்சித் திட்டம்' என்ற தலைப்பின் கீழேயே நிற்கிறது? பஸ்ஸுக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் சந்தைக்குப் போய்வர முடிவது உழைப்பு, நேரம், பொதுவெளி பற்றிய கேள்வி அல்லவா?

முதல் வகுப்பை இப்படிக் கேள்விகளோடு தொடங்கலாம். கரையில் மீனை வாங்கி ஊர் ஊராக விற்பவர் யார்? கருவாடு காயவைப்பவர் யார்? படகு யார் பெயரில் இருக்கிறது? விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில் வீட்டை ஓட்டக் கடன் வாங்குபவர் யார்? இவற்றுக்கு விடை தேடும் மாணவி கிரென்ஷாவிடமும் போவாள், சிமோன் த பூவாவிடமும் போவாள். ஆனால் கைவசம் ஒரு கேள்வியோடு போவாள்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் பெண்கள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள். அம்மாவின் வாழ்க்கை தரவு, அதை விளக்கும் அறிவு வேறெங்கோ என்று முதல் வாரத்திலேயே அவர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. அலைகள் நான்காம் அலகில் வரட்டும்.